வகுப்பறைக் கருவிகளும் மாணவன் கேள்வியும்

சென்ற திங்கள் நம் மன்றத்தில் ஒரு சொற்போர் நிகழ்ந்தது. "இனி வகுப்பறையை ஆளுவது ஆசிரியரா, கருவியா?" என்பது தலைப்பு. ஆசிரியர் கட்சியினர் அன்பு, கனிவு, ஒழுக்கம் என்று பேசினர். கருவிக் கட்சியினர் வேகம், சிக்கனம், விஞ்ஞானம் என்று பேசினர். கைதட்டல் இரு பக்கத்துக்கும் குறைவின்றிக் கிடைத்தது. ஆனால், கருவி வகுப்பறையில் எந்த வேலையைச் செய்கிறது, எந்த வேலையைச் செய்யாமல் விடுகிறது என்பதை இரு சாராருமே எடுத்துப் பேசவில்லை. மேடையில் விடுபட்ட அந்தப் பொருளை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றேன்.

இதனைப் பேச எனக்குள்ள உரிமை சிறிதுதான். நான் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. பயிலும் மாணவி. என் தந்தையார் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக் கிட்டங்கி ஒன்றில் வேலை பார்க்க வந்தவர். நாங்கள் குடியிருக்கும் தெருவில் சுமை தூக்குவோர், துணி தேய்ப்போர், காய்கறி விற்போர் வீட்டுக் குழந்தைகள் பதினொருவர் மாலையில் என்னிடம் பாடம் கேட்க வருகின்றனர். அனைவரும் வீட்டில் தமிழ் பேசுபவர். பள்ளியில் மலையாள வழியில் படிப்பவர். மூன்று ஆண்டுகளாக இவர்களோடு உட்கார்ந்து எழுந்ததில் எனக்குத் தெளிவான உண்மை ஒன்று உண்டு. அதனை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன்.

வகுப்பறையில் இரண்டு வழிகள் உள்ளன. பாடம் ஆசிரியரிடமிருந்து மாணவனுக்குச் செல்வது ஒரு வழி. மாணவனுடைய ஐயம் ஆசிரியரிடம் திரும்பி வருவது மற்றொரு வழி. இதுவரை தோன்றிய கருவிகளில் பெரும்பாலானவை முதல் வழியை ராஜபாட்டையாக அகலப்படுத்தின. இரண்டாம் வழியை ஒற்றையடிப் பாதையாகவே விட்டுவிட்டன. எந்தக் கருவியையும் நாம் எடை போட வேண்டிய படிக்கல் இந்த இரண்டாம் வழிதான் என்பது என் எண்ணம்.

மணலும் ஒரு கருவியே

கருவி என்றவுடன் மின்சாரத்தையும் திரையையும் நினைக்கின்றோம். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பரப்பிய மணலும் ஒரு கருவிதான். ஓலையும் எழுத்தாணியும் வேண்டாத, பிழையைக் கையால் அழித்துவிடக் கூடிய, காசில்லாக் கருவி அது.

1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் குழந்தைகளின் அநாதை விடுதிக்கு மேற்பார்வையாளராக ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அமர்ந்தார். அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் விடுதியிலும் அதைப் புகுத்த விரும்பினார். அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்காமற் போகவே, எட்டு வயது மாணவன் ஒருவனிடம் சிறுவர் வகுப்பை ஒப்படைத்தார். அவன் நன்றாகவே நடத்தினான். 1797-ல் இலண்டனில் பெல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மாணவர் மாணவருக்குக் கற்பிக்கும் அந்த முறை 'மதராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தெங்கும் பரவியது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மணல் மட்டும் பாடம் நடத்தவில்லை. மணலுக்குப் பக்கத்தில் ஒரு சட்டாம்பிள்ளை குந்தியிருந்தான். எழுத்து கோணிய அந்தக் கணத்திலேயே அவன் கண்டான், அழித்தான், மறுபடி எழுதச் செய்தான். கருவி மலிவானது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த கண்தான் விலை மதிப்பற்றது.

கொச்சியில் அச்சான தமிழ்

அடுத்த பெருங்கருவி அச்சுப் புத்தகம். இதில் நம் கொச்சிக்கு ஒரு பெருமை உண்டு. நம்முள் பலர் அதை அறியார். இந்திய மொழிகளில் முதலில் அச்சேறியது தமிழ். 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. மறு ஆண்டு, 1579 நவம்பரில், இதே கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சாயிற்று. போர்த்துகீசிய மூலத்திலிருந்து அன்றிக் அன்றிக்கசு பாதிரியார் தமிழாக்கிய நூல் அது.

அந்நூலின் சமயச் செய்தி நமக்கு இங்கே பொருளன்று. அதன் அமைப்புத்தான் பொருள். அது உரையாடல் வடிவில் அமைந்தது. வினாவும் விடையுமாகச் செல்வது. பேசாத தாளில் பாடத்தை ஏற்றும்போதும், ஒருவர் கேட்க ஒருவர் சொல்வதுதான் கல்வி என்ற நினைவு ஆசிரியர்களை விடவில்லை. ஆயினும், புத்தகத்தில் அச்சாகியிருக்கும் கேள்வி ஆசிரியர் எழுதிய கேள்வியே ஒழிய மாணவனுடைய கேள்வி அன்று. மாணவனுக்கு வேறோர் ஐயம் எழுந்தால் புத்தகம் வாய் திறக்காது. நாம் இன்று காணும் திரைப்பாடங்கள் பலவற்றின் நிலையும் இதுவே. "நண்பர்களே, இப்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம்" என்று திரையில் தோன்றுபவர் சொல்கிறார். வந்த சந்தேகம் வேறாக இருந்தால் என் செய்வது?

வானிலிருந்து வந்த பாடம்

நம் நாட்டில் பாடத்தைத் தொலைவுக்கு அனுப்பும் முயற்சி சிறிதன்று. 1961-ல் டெல்லிப் பள்ளிகளுக்குத் தொலைக்காட்சிப் பாடம் தொடங்கியது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஓராண்டுக் காலம் அமெரிக்கச் செயற்கைக் கோள் ஒன்றின் உதவியால், ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் சென்றன. காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கு, மாலையில் ஊராருக்கு. பின்னர் 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'எடுசாட்' என்னும் செயற்கைக் கோள் ஏவப்பட்டது. கல்விக்கென்றே நம்மவர் அனுப்பிய கோள் அது. 2010 வரை பணி செய்து ஓய்ந்தது.

எடுசாட்டின் அமைப்பில் தரையில் இரண்டு வகை நிலையங்கள் இருந்தன. ஒன்று பாடத்தை வாங்க மட்டும் வல்லது. மற்றொன்று வாங்கவும், மாணவர் குரலைத் திருப்பி அனுப்பவும் வல்லது. முன்னது காது, பின்னது காதும் வாயும். நான் மேலே சொன்ன இரண்டு வழிகளைப் பொறியியலார் இவ்வாறு தனித்தனியே வகுத்தே வைத்திருந்தனர். கேரளத்தில் 2005 ஜூலை 28 அன்று அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் 'விக்டர்ஸ்' என்னும் கல்வி வலையைத் தொடங்கி வைத்தபோது, இருபுறமும் பேசக்கூடிய வகுப்பறை என்பதே அதன் சிறப்பாகக் கருதப்பட்டது. பிற்காலத்தில் வீடு வீடாகப் பரவியது ஒருவழித் தொலைக்காட்சி அலைவரிசையான விக்டர்ஸ்தான்.

ஒரு சிறு கணக்கு

இருவழிக் கருவி ஏன் பரவவில்லை? ஒளியின் வேகம் போதாமலா? இல்லை. அத்தகைய செயற்கைக் கோள் நில நடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. குரல் ஏறி இறங்க 72,000 கிலோமீட்டர். வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் இதற்குக் கால் வினாடிகூட ஆகாது. கேள்வி போய் மறுமொழி வர அரை வினாடி போதும்.

தடை வேறிடத்தில் இருக்கிறது. நூறு பள்ளிகள், பள்ளிக்கு நாற்பது மாணவர், ஆகமொத்தம் நாலாயிரம் பேர் ஓர் ஆசிரியரைத் திரையில் காண்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஒரே ஒரு கேள்வி கேட்டு, அதற்கு ஒரு நிமிடமே செலவானாலும், நாலாயிரம் நிமிடம் வேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் வீதம் அந்த ஆசிரியர் விடாமல் மறுமொழி சொன்னாலும் பதினொரு நாள் ஆகும்! நாற்பது பேர் கொண்ட வகுப்பிலோ அதே வேலை நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். பாடத்தை நாலாயிரம் பேருக்குப் பெருக்கலாம். நாற்பது லட்சம் பேருக்கும் பெருக்கலாம். செவி கொடுக்கும் நேரத்தை அப்படிப் பெருக்க முடியாது. இதுவே இதிலுள்ள சூட்சுமம்.

2020-ஆம் ஆண்டு இந்த உண்மையை வீட்டுக்கு வீடு உணர்த்தியது. கொள்ளை நோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கேரள அரசு ஜூன் 1 அன்று 'பர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் விக்டர்ஸ் அலைவரிசை வழியாகப் பாடங்களைத் தொடங்கியது. பாடம் ஒவ்வொன்றும் அரை மணி அளவு. தமிழ், கன்னட வழிப் பாடங்களும் ஆயத்தமாயின. தொடக்கத்தில் ஏறத்தாழ 2.6 லட்சம் மாணவர் வீட்டில் தொலைக்காட்சியோ இணையமோ இல்லை என்பது கணக்கெடுப்பில் தெரிந்தது. நூலகங்களிலும் ஊர்ப் பொது இடங்களிலும் பெட்டிகளை வைத்து அக்குறையைப் போக்க முயன்றனர். அது போற்றத்தக்க உழைப்பு என்பதில் ஐயமில்லை. அத்தனை உழைப்பும் பாடம் போய்ச் சேரும் வழிக்கே தேவைப்பட்டது. கேள்வி திரும்பி வரும் வழியை ஒவ்வொரு பள்ளி ஆசிரியரும் தம் கையிலிருந்த அலைபேசியில் குழுக்கள் அமைத்துத் தாமே வெட்ட வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டிலும் இதே வரலாறுதான். 2019-ல் அரசு கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. நோய்க் காலத்தில் அது பெரிதும் பயன்பட்டது. எனினும் 2021-ல் அதே அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக மாலை நேரத்தில் உட்கார வைக்க வேண்டியதாயிற்று. திரை சென்ற வீட்டுக்கு மனிதரும் செல்ல வேண்டியிருந்தது என்பதை இது காட்டுகின்றது அன்றோ?

சுவருக்கு ஏது பலம்?

இனி என் பதினொருவரிடம் வருகிறேன். கேரளத்து அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் இன்று கருவிக்குப் பஞ்சமில்லை. 2001-ல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டமும், 2017-ல் அதன் வழியில் அமைந்த 'கைட்' நிறுவனமும் செய்த வேலை பெரிது. எட்டு முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகளில் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் படம் வீழ்த்தும் கருவியும் ஒலிபெருக்கியும் வந்து சேர்ந்துள்ளன.

என்னிடம் வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் நியூட்டனின் மூன்றாம் விதியைத் திரையில் கண்டு வந்தான். ஒரு மனிதன் சுவரைத் தள்ளுகிறான். அவன் கையிலிருந்து ஓர் அம்புக்குறி. சுவரிலிருந்து எதிர்த்து ஓர் அம்புக்குறி. இரண்டும் சம நீளம். அவன் குறிப்பேட்டில் அதை அச்சுப்போல் வரைந்திருந்தான். "மனஸ்ஸிலாயோ?" என்று ஆசிரியர் கேட்டபோது எல்லோரோடும் சேர்ந்து "ஆயி" என்று சொல்லியும் இருந்தான். என்னிடம் வந்து மெல்லக் கேட்டான்: "அக்கா, சுவருக்கு ஏது பலம்? அதுக்கு யாரு சோறு போடுறாங்க?"

நண்பர்கள் சிரிக்கலாம். சற்று நிதானித்தால் சிரிப்பு அடங்கிவிடும். நாம் தமிழில் 'விசை' என்று படிப்பதை மலையாளப் பாடநூல் 'பலம்' என்கிறது. அவன் வீட்டுத் தமிழிலோ பலம் என்பது உடம்பின் வலிமை. சுமை தூக்கும் அவன் தந்தைக்கு உள்ளது. காய்ச்சலில் படுத்த பாட்டிக்கு இல்லாதது. உயிரில்லாச் சுவருக்குப் பலம் எப்படி வரும்? வெள்ளம் என்றால் இங்கே குடிதண்ணீர், நமக்கு ஊரை அழிப்பது என்று நாமே விடுதியில் வேடிக்கை பேசுகின்றோம். அந்தச் சிறுவனுக்கு அதே வேடிக்கை விஞ்ஞானத்தின் வாசற்படியில் தடுக்கும் கல்லாக நின்றது. மேலும், இது மொழிச் சிக்கல் மட்டுமன்று. அசையாத பொருள் எவ்வாறு எதிர்த்துத் தள்ளும் என்பது தாய்மொழியில் படிக்கும் மாணவரையும் திகைக்க வைக்கும் நல்ல பௌதிகக் கேள்வியாகும்.

இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் பாலம்போல் ஒரு மர அளவுகோலைக் கிடத்தினோம். நடுவில் ஒரு பூட்டை வைத்தோம். அளவுகோல் வளைந்தது. பூட்டை எடுத்ததும் நிமிர்ந்தது. வளைந்த கோல் நிமிரத் துடிக்கிறது. அத்துடிப்பே பூட்டை மேல்நோக்கித் தள்ளுகிறது என்பதை அவனே சொன்னான். கோல் மேல் கோலாக இரண்டு, மூன்று அடுக்கினோம். வளைவு குறைந்துகொண்டே வந்தது. ஆனாலும் பூட்டு விழவில்லை. "அப்படீன்னா சுவரும் வளையுதா?" என்றான். வளைகிறது, நம் கண்ணுக்குத் தெரியாத அளவில்.

அதன் பிறகுதான் அலைபேசியை எடுத்தேன். மேசை மேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, ஒளிக்கற்றையை அதில் படச்செய்து, தூரத்துச் சுவரில் ஒளிப்புள்ளி விழுமாறு அமைத்த சோதனைப் படம் ஒன்று அதில் இருந்தது. கனத்த மேசையைக் கையால் அழுத்தியதும் புள்ளி நகர்கிறது. மேசை வளைவது கண்ணெதிரே தெரிகிறது! பதினொருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அதைப் பார்த்தனர். என் அறையில் நான் செய்துகாட்ட முடியாததை அந்தச் சிறு திரை செய்துகாட்டியது. கருவியின் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை என்பதற்கு இதுவே சான்று. பள்ளியில் கண்டதும் திரைதான். இங்கே கண்டதும் திரைதான். முதல் திரை கேள்விக்கு முன்னே வந்தது. இரண்டாவது திரை கேள்விக்குப் பின்னே வந்தது. வேற்றுமை அவ்வளவே.

இரண்டு ஆய்வுகள்

இது என் ஒரு தெருவின் அனுபவம் என்று ஒதுக்குவோருக்காக இரண்டு ஆய்வுகளைக் குறிப்பிடுகின்றேன். தென் அமெரிக்காவில் பெரு நாட்டு அரசு கிராமப்புறக் குழந்தைகளுக்கு மடிக்கணினிகளை அள்ளி வழங்கியது. 319 பள்ளிகளில் நடத்தி 2012-ல் வெளியிட்ட ஆய்வு, பதினைந்து மாதங்களுக்குப் பிறகும் கணக்கிலோ மொழியிலோ தேர்ச்சி உயர்ந்ததற்கு அடையாளம் இல்லை என்று கண்டது.

மற்றொன்று நம் டெல்லியில் நடந்தது, 2019-ல் வெளியாயிற்று. 'மைண்ட்ஸ்பார்க்' என்னும் கணிப்பொறிப் பாடத்தைப் பள்ளி நேரத்துக்குப் பின் மாணவர் பயின்றனர். அப்பொறி முதலில் மாணவனைச் சோதித்து, அவன் எங்கே நிற்கிறான் என்று அறிந்து, அங்கிருந்து பாடம் தொடங்கும். ஆறாம் வகுப்பில் அமர்ந்திருந்தவர் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்புப் பின்தங்கியிருந்தது அதனால் தெரிந்தது. நாள்தோறும் 45 நிமிடம் பொறியோடு; பின் 45 நிமிடம் சிறு குழுவாக ஓர் உதவி ஆசிரியரோடு. நாலரை மாதத்தில் இவர்கள் கணக்கில் மற்றவரைவிட ஏறத்தாழ இரு மடங்கு முன்னேறினர். இரண்டிலும் கணிப்பொறி உண்டு. ஒன்று மாணவன் கையில் கொடுக்கப்பட்டது. மற்றொன்று மாணவனைக் கேட்டறிந்தது.

கேட்கத் தெரியாத கேள்வி

இன்று கேட்டதற்கெல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் மறுமொழி எழுதும் செயற்கை அறிவுப் பொறிகள் வந்துவிட்டன. 2024-ல் கேரள அரசு எண்பதாயிரம் ஆசிரியர்களுக்கு இவற்றில் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. இரண்டாம் வழி இனித் திறந்துவிட்டதல்லவா என்று கருவிக் கட்சியினர் கேட்கலாம். ஓரளவு திறந்துதான் இருக்கிறது. பதினொரு நாள் காத்திருக்க வேண்டிய நாலாயிரம் பேருக்கும் உடனே மறுமொழி கிடைக்கும். அதனை நான் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறேன்.

எனினும் அப்பொறி கேட்ட கேள்விக்கே விடை சொல்லும். கேட்கத் தெரியாமல் தொண்டையில் நிற்கும் கேள்வியை அது அறியாது. என் மாணவன் அந்த ஐயத்தை எந்தப் பொறியிலும் எழுதியிருக்கமாட்டான். அது கேட்கத் தகுந்த கேள்வி என்றே அவன் எண்ணவில்லை. அதைக் கேட்டால் வகுப்பு சிரிக்கும் என்றே எண்ணினான். படம் சரியாக இருந்தது. வாய் "ஆயி" என்றது. முகம் மட்டும் வேறு சொல்லியது. அதே 2024-ல் கேரளத்தின் ஏழாம் வகுப்புப் பாடநூலில், மனித முகத்தைப் பார்த்து மகிழ்ச்சி, வருத்தம் முதலிய ஏழு உணர்ச்சிகள் வரை இனம் காணும் பொறி நிரல் ஒன்றை மாணவரே செய்து பழகும் பாடம் இடம்பெற்றது. மிக நல்ல பாடம். வருத்தம் என்று பொறி காட்டிய பின், "என்னடா தம்பி?" என்று கேட்டு, அவன் தயங்கித் தயங்கிச் சொல்லும் வரை பக்கத்தில் இருப்பதற்கு ஒருவர் வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

டச்சுக்காரர் ஆண்ட 18-ஆம் நூற்றாண்டில் சலவைத் தொழிலுக்கென அழைத்துவரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழியினர் இன்றும் கோட்டைக் கொச்சியில் வெளி என்னும் பகுதியில் தொழில் செய்கின்றனர். நேற்று வந்த எங்களைப் போன்றவர் மட்டாஞ்சேரிச் சந்துகளில் இருக்கிறோம். இரு சாரார் வீட்டிலும் பள்ளி செல்லும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்குத் திரை வந்துவிட்டது, பாடமும் வந்துவிட்டது. இரண்டு மொழியும் அறிந்து, விசை என்றாலும் பலம் என்றாலும் ஒன்றே என்று சொல்லிப் பக்கத்தில் குந்தும் சட்டாம்பிள்ளைதான் இன்னும் வரவில்லை.

நம் மன்றத்தில் பௌதிகம், ரசாயனம், கணிதம், பொறியியல் பயில்வோர் பலர் உள்ளனர். வாரத்தில் ஒரு மாலை, ஒருவருக்கு ஐந்து குழந்தைகள் என்று கொண்டால் போதும். புதிய கருவி எதையும் வாங்க வேண்டாம். நம் சட்டைப் பையில் உள்ள அலைபேசியே மிகுதி. பாடத்தைத் திரும்ப நடத்தவும் வேண்டாம். அதைப் பள்ளி நடத்துகிறது. "இன்று வகுப்பில் எது விளங்காமல் 'ஆயி' என்று சொன்னாய்?" என்று மட்டும் கேளுங்கள். முதல் வாரம் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். இரண்டாம் வாரம் ஒருவன் திறப்பான். விருப்பமுள்ளோர் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு எங்கள் தெருவில் பாய் விரித்திருக்கும்.